மாதச் சம்பளத்தை விட்டு வயலினை மட்டும் நம்பலாமா? என் கணக்கில் எங்கே ஓட்டை?

கடைசிவரிசை வயலின்:

எனக்கு வயது 29. பகலில் ஒரு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. சாயங்காலமும் சனி ஞாயிறும் வயலின். ஒரு மெல்லிசைக் குழுவில் மூன்று வருடமாக நிரந்தர ஆள். வேறு இரண்டு குழுக்களில் ஆள் குறைந்தால் கூப்பிடுவார்கள். மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ ஸ்டூடியோ ரெக்கார்டிங்கும் வரும்.

என் கணக்கு இதுதான். சராசரியாக மாதம் ஏழு நிகழ்ச்சி. ஒவ்வொன்றிலும் மேடையில் மூன்று மணி நேரம். கிடைக்கும் தொகையை மூன்றால் வகுத்தால், ஆபீசில் ஒரு மணி நேரத்துக்கு வாங்குவதைப் போல ஐந்து மடங்கு வருகிறது. மாதச் சம்பளம் என்பது ஏறக்குறைய பதின்மூன்று நிகழ்ச்சித் தொகை. வேலை இருப்பதால் மாதாமாதம் ஐந்தாறு நிகழ்ச்சிகளை வேண்டாம் என்று சொல்கிறேன். வேலையை விட்டால் அவையும் சேரும், இன்னும் ஒன்றிரண்டு தேடிப் பிடித்தால் பதினான்கு. சம்பளத்தைத் தாண்டிவிடும், பகல் முழுக்கச் சாதகம் செய்யவும் நேரம் கிடைக்கும்.

அம்மா, "கைதட்டலைக் கொண்டுபோய் வாடகை கட்ட முடியுமா?" என்கிறார். குழுத் தலைவர், "வந்துடும்மா, பார்த்துக்கலாம்" என்கிறார். இரண்டையும் வைத்துக்கொண்டு என்னால் ஒரு முடிவுக்கும் வர முடியவில்லை. நான்கு மாதத்தில் ராஜினாமா கொடுப்பதாக இருக்கிறேன். மனசு சொல்வதைக் கேள் என்று தயவுசெய்து எழுதாதீர்கள். வாசித்தே குடும்பம் நடத்துகிறவர்கள் கணக்கைப் பார்த்துச் சொல்லுங்கள்.

நாலுகம்பி:

தங்கச்சி, கணக்குப் பிரிவுல வேலைன்னு சொல்றீங்க, அப்புறம் மூணால வகுத்திருக்கீங்க! ஓட்டை அங்கேயே ஆரம்பிக்குது.

நான் பேஸ் கிட்டார். 21 வருஷமா இதுதான் பிழைப்பு. 2009லேர்ந்து ஒரு நோட்டு வெச்சிருக்கேன். ஒரு குழுத் தலைவரோட பாக்கிக்காக வாய்ச்சண்டை போட்டேன். எத்தனை நிகழ்ச்சிக்குப் பாக்கின்னு அவர் கேட்டார், எனக்கே சரியாச் சொல்லத் தெரியலை. அன்னிக்கு ராத்திரி வாங்கின நோட்டு. ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு வரி: தேதி, வீட்டை விட்டுக் கிளம்பின நேரம், திரும்பி வந்த நேரம், பேசின தொகை, கையில வந்த தொகை, அது வந்த தேதி. முதல் தேதியும் கடைசித் தேதியும் ஒண்ணா இருக்கிற வரி எவ்வளவு அபூர்வம்னு நோட்டைப் பார்த்தாத்தான் தெரியும்.

தொகையை இங்க எழுதப் போறதில்லை. ஆளுக்கு ஆள், ஊருக்கு ஊர் மாறும். "மேடை" கணக்குல சொல்றேன். எனக்கு வழக்கமா ஒரு நிகழ்ச்சிக்குப் பேசுற தொகை ஒரு மேடை. நீங்களும் உங்க தொகையைப் போட்டுப் பார்த்துக்கலாம்.

முதல்ல நேரம். போன மாசம் ஒரு சனிக்கிழமை. மத்தியானம் ஒண்ணரைக்குக் கிளம்பினேன். நாலு மணிக்கு சவுண்ட் செக்னு சொன்னாங்க, சவுண்ட் மிக்சர் மெஷின் வந்ததே அஞ்சேகாலுக்கு. ஏழரைக்கு ஆரம்பம், பத்தரைக்கு முடிஞ்சது. ஆம்ப்ளிஃபயரை இறக்கி, கேபிள் சுருட்டி, வண்டி பிடிச்சு வீட்டுக்கு வந்தப்போ மணி ஒண்ணரை. பன்னிரண்டு மணி நேரம். அதுக்கு முந்தின வியாழக்கிழமை ரிஹர்சல், போக வர நாலு மணி நேரம். பதினோரு புதுப் பாட்டு, அதுல மூணைப் பாடகிக்காக ஸ்கேல் மாத்தணும், வீட்ல உட்கார்ந்து எழுதி எடுக்க மூணு மணி நேரம். மொத்தம் 19.

உங்க கணக்குப்படி ஒரு நிகழ்ச்சிக் காசு, ஆபீஸ்ல 15 மணி நேரக் கூலி. அதை 19 மணி நேரத்துக்குப் பிரிச்சா ஆபீஸ் கூலியில அஞ்சுல நாலு பங்குதான். அஞ்சு மடங்கு எங்க போச்சு? இதுல லீவுக்குச் சம்பளம் கிடையாது, காய்ச்சல்னு படுத்தா அன்னிக்கு வேற ஒருத்தன் வாசிப்பான், அவனுக்குத்தான் காசு. அவன் நல்லா வாசிச்சிட்டா அடுத்த நிகழ்ச்சியும் அவனுக்கே. அது தனிக் கவலை.

ரெண்டாவது, வருஷக் கணக்கு. என்னோட போன வருஷ நோட்டை அப்படியே தர்றேன்.

மொத்தம் 92 நிகழ்ச்சி. முழுத் தொகை வந்தது 61. பாதித் தொகைக்கு வாசிச்சது 19. சின்ன இடம், மூணு பேர் மட்டும் வாசிக்கிற மாதிரி. கால் தொகைக்கு 8, எல்லாம் "நம்ம பையன்தானே, பார்த்து வாங்கிக்கோப்பா" வகை. மிச்சம் நாலுல ரெண்டு, நானா விரும்பி இலவசமா வாசிச்சது. ரெண்டு, காசே வரலை, இனியும் வராது. கூட்டிப் பாருங்க: 92 தடவை ஏறி இறங்கினதுக்கு வந்தது எழுபத்திரண்டரை மேடை.

வகுப்பு எடுக்கிறேன், ஏழு பசங்க. பரீட்சை, லீவுன்னு கழிஞ்சு பத்து மாசக் கட்டணம்தான் உருப்படியா வரும். அது பதினேழரை மேடை. ரெக்கார்டிங் பத்தரை. ஒரு காலத்துல ரெக்கார்டிங் மட்டுமே இதைப் போல நாலு மடங்கு வரும். இப்ப பேஸை கீபோர்டுலயே வாசிச்சு முடிச்சிடுறாங்க, நல்லாவும் இருக்கு, என்ன சொல்றது. ஆக மொத்தம் நூறு மேடைன்னு வெச்சுக்கோங்க.

செலவு: வண்டி, பெட்ரோல், ராத்திரி ஆட்டோ, குழு தராத பயணக் காசு 11. கம்பி, கேபிள், ரிப்பேர் 4. ரிஹர்சல் ரூம்ல என் பங்கு 3. ஆம்ப், கிட்டார் மாத்துறதுக்குன்னு ஒதுக்கறது 6. வீட்ல ரெக்கார்ட் பண்ற சாமான், சாஃப்ட்வேர், போன் 2. மருத்துவக் காப்பீடு 5. மேடைத் துணி 1. மொத்தம் 32. மிச்சம் 68. அதுல வருமான வரி 6. வீட்டுக்குக் கொண்டுபோனது 62.

ஆக, பேசின தொகையில மூணுல ரெண்டு பங்குகூட முழுசா நிக்கலை, அதுவும் வகுப்பையும் ரெக்கார்டிங்கையும் சேர்த்த பிறகு. உங்க சம்பளம் மாசம் 13ன்னா வருஷத்துக்கு 156. அதுலயும் ஆபீஸ் கட்டுற சேமநிதி, காப்பீடு எல்லாம் நீங்க எண்ணியே இருக்க மாட்டீங்க. என் தொகையும் உங்க தொகையும் ஒண்ணு இல்லைதான். ஆனா விகிதத்தைப் பாருங்க.

இன்னொண்ணு, "சராசரி மாசம் பதினாலு"ன்னு எழுதியிருக்கீங்க. சராசரி மாசம்னு ஒரு மாசம் வராது. என் நோட்டுல ஒரு மாசம் 15 இருக்கு, இன்னொரு மாசம் 1. நாள் எல்லாம் ஒரே வாரத்துல வந்து முட்டும், ஒரு சனிக்கிழமைக்கு நாலு பேர் கூப்பிடுவாங்க, நீங்க ஒருத்தர்தான். இப்ப நீங்க வேண்டாம்னு சொல்ற அஞ்சாறும் என்ன கிழமைன்னு எடுத்துப் பாருங்க. வேலை இருக்கிறதால விட்டீங்களா, அன்னிக்கு ஏற்கெனவே வேற மேடை இருந்ததால விட்டீங்களா? ரெண்டாவதுன்னா வேலையை விட்டாலும் அது வராது.

நான் அடிபட்டுக் கத்துக்கிட்டது ஒண்ணு. ஒரு பெரிய விழா, வாய்ப் பேச்சு மட்டும், அட்வான்ஸ் இல்லை. அதுக்காக அதே தேதியில வந்த ரெண்டை விட்டேன். முதல் நாள் சாயங்காலம் போன்: "சார், நிகழ்ச்சி தள்ளிப் போயிடுச்சு." தள்ளிப் போனது போனதுதான். இப்ப பாதி அட்வான்ஸ் வந்தாத்தான் தேதியை நோட்டுல பேனாவால எழுதுவேன், அதுவரைக்கும் பென்சில். ஏழு நாளைக்குள்ள ரத்து பண்ணினா அட்வான்ஸ் திரும்பாதுன்னு மெசேஜ்லயே போட்டுடுவேன். ஆரம்பத்துல ரெண்டு பேர் கோவிச்சுக்கிட்டாங்க. இப்ப ஒருத்தர்கூடக் கேட்கிறதில்லை.

2020 மார்ச்சைப் பத்திப் பெருசா எழுதலை. நோட்டுல அந்த வருஷம் மார்ச் முதல் வாரத்துக்குப் பிறகு ஒன்பது மாசத்துக்குப் பக்கம் வெள்ளையா இருக்கு. நல்ல பேஸ் ஒண்ணு வித்தேன். திரும்ப வாங்கலை.

விடாதீங்கன்னு சொல்லலை. நான் விடலையே. ஆறு மாச வீட்டுச் செலவைத் தனியா ஒரு கணக்குல போட்டு வெச்சுட்டு, அப்புறம் கடிதம் குடுங்க.

ரெண்டாவது டேக்:

நாலுகம்பி அண்ணன் மேடையைச் சொல்லிவிட்டார். நான் பதினைந்து வருடமாக ஸ்டூடியோவில் கோரஸ் பாடுகிறேன், குரல் ஏற்பாடு செய்கிறேன். ரெக்கார்டிங்கில் "பின்னாலும் காசு வரும்" என்ற நினைப்பு உங்களுக்கு இருக்கலாம். அதைப் பற்றி மட்டும்.

ஒரு பதிவில் இரண்டு சொத்து இருக்கிறது. ஒன்று பாட்டு: மெட்டு, வரிகள். இன்னொன்று அந்தப் பாட்டின் ஒலிப்பதிவு. முதலாவது இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் அவர்களுடைய பதிப்பாளருக்கும். இரண்டாவது பெரும்பாலும் பதிவுக்குப் பணம் போட்டவருக்கு. ஒரு தொகை வாங்கிக்கொண்டு வயலின் வாசித்துவிட்டுப் போகிற நீங்கள் வழக்கமாக இரண்டிலும் இல்லை. அந்தப் பாட்டை ஊரே பாடினாலும் உங்களுக்குக் கிடைத்தது அன்றைய கூலி மட்டும்தான்.

இது உங்களுக்கும் எனக்கும் மட்டும் நடப்பதில்லை. பிரிட்டிஷ் ராக் குழு பிங்க் ஃபிளாய்டின் 1973 ஆல்பத்தில் 'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை' என்ற பாட்டில் வார்த்தையே இல்லாமல் குரலால் மட்டும் பாடியவர் கிளேர் டோரி. அன்றைய கூலி 30 பவுண்டு. அந்த ஆல்பம் உலகத்திலேயே அதிகம் விற்றவற்றில் ஒன்று. அந்தக் குரல்வரி தன் ஆக்கம் என்று 2004ல்தான் வழக்குப் போட்டார், 2005ல் சமரசமானது. அதற்குப் பிறகு வந்த பதிப்புகளில் இணை ஆக்குநராக அவர் பெயர் இருக்கிறது. 1967ல் வந்த 'எ வைட்டர் ஷேட் ஆஃப் பேல்' பாட்டின் ஆர்கன் வாசிப்பை உருவாக்கிய மேத்யூ ஃபிஷரின் வழக்கு பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை வரை போனது (அங்கே அப்போது உச்ச நீதிமன்றம் அதுதான்). 2009ல் ஜெயித்தார், 40 சதவீதப் பங்கு. ஆனால் அது 2005க்குப் பிந்தைய வருமானத்தில் மட்டும். அதற்கு முந்தைய 38 வருடக் காசு போனது போனதுதான்.

ஸ்டூடியோவில் "இங்க வயலின்ல ஏதாவது போடும்மா" என்று சொல்வார்கள் பாருங்கள், அந்த "ஏதாவது"தான் வழக்கில் கேட்கப்பட்ட விஷயம். எழுதிக்கொடுத்ததை வாசித்தால் கூலி சரி. நீங்களே மெட்டு போட்டால் அது வேறு. நான் இப்போது மைக் முன்னால் போவதற்கு முன்பே கேட்டுவிடுகிறேன்: பெயர் போடுவீர்களா, இது ஒரே தொகையா, பங்கு உண்டா? பதிலை ஒரு வரி மெசேஜாக அனுப்பச் சொல்வேன். பத்தில் எட்டுப் பேர் "ஒரே தொகைதான்" என்பார்கள். சரி என்று பாடிவிட்டு வருவேன். தெரிந்து கொடுத்தால் மனதில் கிடந்து அரிக்காது.

ஸ்ட்ரீமிங்கைப் பற்றியும் கேட்டுவிடுங்கள். ஒரு தடவை கேட்டால் இவ்வளவு என்று நிலையான விலை கிடையாது. பெரும்பாலான தளங்கள் ஒரு மாதம் சேர்ந்த பணத்தில் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை மொத்தக் கேட்புகளில் யாருக்கு எத்தனை சதவீதம் என்று பிரிக்கின்றன. அதுவும் உரிமையாளருக்குப் போகும், அவர் உங்களோடு செய்துகொண்ட ஒப்பந்தப்படிதான் கீழே இறங்கும். ஸ்பாட்டிஃபையில் 2024லிருந்து, முந்தைய 12 மாதத்தில் 1,000 தடவையாவது கேட்கப்படாத பதிவுக்கு ஒலிப்பதிவுப் பங்கே கிடையாது. நானே வெளியிட்ட நான்கு பாட்டில் மூன்று அந்தக் கோட்டுக்குக் கீழே. நான்காவதை என் சித்தி பையன் இரவு பகலாகப் போட்டுக்கொண்டிருந்தானோ என்னவோ.

வாசித்தவருக்கும் ஒரு பங்கு என்ற எண்ணம் சட்டத்தில் இல்லாமல் இல்லை. 1961 ரோம் உடன்படிக்கையும் 1996ல் வந்த நிகழ்த்துநர், ஒலிப்பதிவு உடன்படிக்கையும், ஒலிபரப்பாகும் பதிவுக்கு நியாயமான ஊதியம் பற்றிப் பேசுகின்றன. நாட்டுக்கு நாடு நடைமுறை வேறு. அமெரிக்காவில் சாதாரண ரேடியோ ஒலிபரப்புக்கு வாசித்தவருக்கு ஒன்றும் இல்லை. இணைய ரேடியோவுக்கு உண்டு, அங்கே சவுண்ட்எக்ஸ்சேஞ்ச் என்ற அமைப்பு பிரிக்கும் தொகையில் 5 சதவீதம் பெயர் முன்னால் வராத வாத்தியக்காரர்கள், பின்னணிப் பாடகர்களுக்கான நிதிக்குப் போகிறது. உங்கள் நாட்டில் நிகழ்த்துநர்களுக்கான சங்கம் இருந்தால் உறுப்பினர் ஆகுங்கள், வாசித்த ஒவ்வொரு பதிவையும் தேதியோடு எழுதி வையுங்கள். ஆனால் ராஜினாமா செய்வதற்கு முன் போடும் கணக்கில் இந்த வரியில் பூஜ்யம் என்றே போடுங்கள்.

ஏகாந்தம்:

மேடை, அரை மேடை, கால் மேடை... காய்கறி நிறுப்பது போல இருக்கிறது. இசையைக் காசாக எண்ணுகிறவன் கையில் இசை தங்காது. அந்தக் காலத்து மேதைகள் பாக்கி நோட்டு எழுதிக்கொண்டா உட்கார்ந்திருந்தார்கள்?

நாலுகம்பி:

உட்கார்ந்திருந்தாங்க சார். 1730 அக்டோபர்ல பாஹ் தன் நண்பர் எர்ட்மானுக்கு எழுதின கடிதம் இன்னிக்கும் இருக்கு. லைப்சிக்ல தேவாலய வேலை. வருமானம் 700 தாலர், சாவு அதிகம் விழுந்தா வரும்படி கூடும், காத்து ஆரோக்கியமா இருந்தா குறையும், போன வருஷம் சாவு வரும்படியில நூறு தாலருக்கு மேல எனக்கு நஷ்டம்னு அந்த மனுஷர் எழுதியிருக்கார். வேற நல்ல வேலை இருந்தா சொல்லுங்கன்னுதான் அந்தக் கடிதமே. ஊர் நல்லா இருந்ததுல நூறு தாலர் போச்சுன்னு கணக்குப் பார்த்தவர் கையில இசை தங்கலையா?

நீங்க என்ன வாத்தியம் சார்? சும்மா கேட்டேன்.

ரிம்ஷாட்:

அண்ணே அந்த கடைசி வரி 😀

டிரம்மர். சுருக்கமா ஒண்ணே ஒண்ணு. செலவுப் பட்டியல்ல காது இல்லையே?

85 டெசிபல்ல எட்டு மணி நேரம் வரைக்கும் தாங்கும்னு ஒரு அளவு இருக்கு. அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபல்னா கால் மணி நேரம். நம்ம மேடையில சிம்பலுக்கும் மானிட்டர் ஸ்பீக்கருக்கும் நடுவுல அது எல்லாம் ஒரு பொருட்டா? எனக்கு 36 வயசுலயே இடது காதுல ராத்திரி பூரா விசில். போனது திரும்ப வராதுன்னு டாக்டர் சொல்லிட்டார். சகோதரி, உங்களுக்கு வயலினே இடது காதுக்குக் கீழதான். காதுக்கு அளவெடுத்துச் செய்ற பிளக் எனக்கு ரெண்டு மேடை ஆச்சு. முதல் வருஷமே வாங்கியிருக்கணும். அடுத்தது தோள்பட்டை, மணிக்கட்டு. விரலுக்கு ரெண்டு மாசம் ஓய்வுன்னு சொன்னா ரெண்டு மாசம் வருமானம் ஜீரோ. நாலுகம்பி அண்ணன் சொன்ன ஆறு மாசப் பணம் அதுக்கும் சேர்த்துத்தான்.

அரைநாள் வாத்தியார்:

விடுவதா வேண்டாமா என்று இரண்டே கதவுதான் இருப்பது போல எல்லோரும் பேசுகிறீர்கள். நான் பதினொரு வருடமாக நடுவில் நிற்கிறேன். காலையில் ஒரு இடத்தில் அரைநாள் வேலை, மதியம் பியானோ வகுப்பு, வார இறுதியில் மேடை. பார்க்கப் பெருமையாக இருக்காது. உறவினர்கள் "இன்னும் நிரந்தரமா ஒண்ணும் அமையலையா?" என்று கேட்பார்கள். ஆனால் பிடிக்காத நிகழ்ச்சிக்கு முடியாது என்று சொல்ல முடிகிறதே, அதற்குக் காரணம் அந்த அரைநாள் சம்பளம்தான்.

அமெரிக்க இசையமைப்பாளர் பிலிப் கிளாஸ் குழாய் ரிப்பேர் செய்திருக்கிறார், டாக்ஸி ஓட்டியிருக்கிறார். 1976ல் அவருடைய ஆப்பரா நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அரங்கில் நிரம்பிய கூட்டத்தோடு நடந்தது. நடத்தி முடித்ததில் கடன். மறுபடி டாக்ஸி. அரங்கம் நிரம்பினாலே பணம் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

வகுப்பு எடுப்பதாக இருந்தால்: வகுப்புக்கு இவ்வளவு என்று வாங்காதீர்கள், மாதத்துக்கு இவ்வளவு என்று முன்பணமாக வாங்குங்கள். வகுப்புக் கணக்கில் வாங்கியபோது மழை பெய்தால், விருந்தாளி வந்தால், பையனுக்குத் தூக்கம் வந்தால் எனக்குத்தான் நஷ்டம். மாதக் கட்டணமாக்கி, முதல் நாளே சொல்லி வராமல் போனால் மட்டும் மாற்று வகுப்பு என்று வைத்ததும், ஆச்சரியமாக எல்லோரும் ஒழுங்காக வர ஆரம்பித்தார்கள். இன்னொன்று, வகுப்பு நேரம் முழுக்கச் சாயங்காலத்தில்தான் விழும். நிகழ்ச்சியும் சாயங்காலம்தான். இரண்டும் ஒன்றையொன்று தின்னும். நீங்கள் ஆசைப்படுகிற அந்தக் காலி பகலில் காசு கொடுக்க ஆளில்லை.

கடைசிவரிசை வயலின்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு உட்கார்ந்து மறுபடி போட்டேன்.

அண்ணா சொன்னபடி, நான் வேண்டாம் என்று சொன்ன நிகழ்ச்சிகளைப் போனில் தேடி எடுத்தேன். ஆறு மாதத்தில் 33. அதில் 21 சனி, ஞாயிறு, நான் ஏற்கெனவே வேறு மேடையில் இருந்த நாட்கள். ஆபீசால் போனது 12 மட்டும். அதாவது மாதத்துக்கு இரண்டு. ஏழு பதினான்காகாது, ஒன்பதாகும். ஒன்பதில் செலவைக் கழித்தால் ஆறு நின்றால் பெரிது. சம்பளம் பதின்மூன்று. இதைப் பார்த்து அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். மற்றவர்களின் கணக்கில் மூன்று பைசா வித்தியாசம் வந்தால் மதியம் முழுக்கத் தேடுகிற ஆள் நான்.

பாக்கிப் பட்டியலும் போட்டேன். குழுவிலிருந்து வர வேண்டியது ஐந்தரை மேடை, பழையது பதினோரு மாதத்துக்கு முந்தையது. தலைவருக்குத் தேதிகளோடு அனுப்பினேன். இரண்டு நீலக் குறி விழுந்தது, பதில் இல்லை. இன்று காலை அவரே கூப்பிட்டு, "என்னம்மா, ஆபீஸ் மாதிரி லிஸ்ட் எல்லாம் போடறே" என்றார். கோபமில்லை, சிரித்துக்கொண்டுதான். இரண்டு மேடைக்கான பணம் மதியம் வந்துவிட்டது.

ராஜினாமாவைத் தள்ளி வைத்திருக்கிறேன். வாரத்தில் மூன்று நாள் வேலை, அதற்கேற்ற சம்பளம் என்று மாற்ற முடியுமா என மேலாளரிடம் கேட்கப் போகிறேன். மாட்டேன் என்றால், ஆறு மாதச் செலவு சேர எனக்கு இன்னும் ஒரு வருடமும் இரண்டு மாதமும் ஆகும். அதுவரை இப்படியே. அம்மாவிடம் இதைச் சொன்னபோது "நான் சொன்னதுதானே" என்றார். இல்லை அம்மா, நீ சொன்னது வேறு.

என் வருடச் செலவுப் பட்டியல், மேடைக் கணக்கில்: பயணம் 8, கம்பி 2, வில்லுக்குப் பூசும் ரோசின், ஷோல்டர் ரெஸ்ட் எல்லாம் சேர்த்து கால், வயலினில் மாட்டும் பிக்கப் மைக்கும் கேபிளும் 1, வயலின் சர்வீஸ் 1, காது பிளக் 2 (ரிம்ஷாட் சகோதரருக்கு நன்றி), புடவை 2. வேறு ஏதாவது விட்டிருக்கிறேனா?

நாலுகம்பி:

ஆபீஸால போனது பன்னிரண்டுதான்னு தெரிஞ்சதே பெரிய விஷயம். நான் அதைக் கண்டுபிடிக்க நாலு வருஷம் ஆச்சு.

மிச்ச மூணரையையும் விட்டுடாதீங்க. அடுத்த நிகழ்ச்சிக்கு உங்களைக் கூப்பிடும்போது கேளுங்க, மேடையில இருந்து இறங்கின பிறகு கேட்காதீங்க. அப்ப எல்லாருக்கும் வண்டியைப் பிடிக்கிற அவசரம்.

பட்டியல்ல வில்லுக்கு முடி மாத்துற செலவைக் காணோமே?

கடைசிவரிசை வயலின்:

ஐயோ. வருடத்துக்கு இரண்டு தடவை. முக்கால் மேடை.